நானூறு கிராம்

புதுவயல் பேருந்து நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மில் மாமாவின் ஆளுயரப் படம். எப்போதோ ஒரு மின்னொளி கபடிப் போட்டியில் கழுத்தில் விசிலோடு நின்ற போட்டோவை வெட்டியெடுத்து, பின்னால் நீல வானமும் இரண்டு வெள்ளைப் புறாவும் ஒட்டியிருந்தார்கள். கீழே சிவப்பு எழுத்தில், "குடும்பத்தைத் துறந்து கபடிக்காகவே வாழ்ந்த எங்கள் குருவே" என்று இருந்தது. வைத்தவர்கள் அவரிடம் ஆடிய பழைய பையன்கள். நல்ல மனசோடு வைத்ததுதான். மதுரையிலிருந்து ஆம்புலன்சில் கொண்டுவரும்போது அத்தை அதைப் படித்துவிட்டார். ராத்திரி ஒப்பாரியெல்லாம் ஓய்ந்து, பெண்கள் சுவரோரம் சாய்ந்திருந்த நேரத்தில், யாரிடம் என்றில்லாமல் கேட்டார்:

"என்னைய எப்பத் துறந்தாரு?"

சாவு வீட்டில் நாலைந்து பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

அந்தக் கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது. ஊருக்கு உழைத்தவர் என்றால் அவர் வீட்டைக் கைவிட்டவராகத்தான் இருக்க வேண்டும் என்று நம்மிடம் ஒரு கணக்கு இருக்கிறது. பெண்டாட்டி பிள்ளையைப் பட்டினி போட்டவர் என்றால் மாலை ஒன்று கூடுதலாக விழும். மில் மாமாவுக்கு அந்த மாலை அளவு சேராது. அடுப்பு, அத்தை, படுக்கையில் கிடந்த தாயார் சகிதமாக வீட்டையே மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு வந்த ஆள் அவர்.

பெயர் இல்லாமலில்லை. ரேஷன் கார்டிலும் மில் சம்பளப் பதிவேட்டிலும் மட்டும் புழங்கிய பெயர் அது. எங்களுக்கு மில் மாமா.

செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர்கள் ஆத்தங்குடிக் கல்லையும் கானாடுகாத்தான் வீடுகளையும் படம் எடுக்கப் போவார்கள். புதுவயலில் படம் எடுக்க ஒன்றும் கிடையாது. காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி போகிற சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்தால் நெல் அவிகிற வாசனை வரும். அதுதான் எங்கள் ஊர். ஊரைச் சுற்றி அரிசி ஆலைகள். காற்றில் உமிச்சாம்பல், தவிட்டு லாரி, களத்தில் காலாலேயே நெல்லைத் துழாவிக்கொண்டு வரிசையாக நடக்கிற பெண்கள். என் அம்மாவும் அப்படி நடந்தவள்தான். அந்த மில் ஒன்றில் மாமாவுக்கு எடை போடுகிற வேலை. நெல்லாக உள்ளே வரும்போது ஒரு எடை, அரிசியாக வெளியே போகும்போது ஒரு எடை, நடுவில் குருணை, தவிடு, உமி. முப்பது வருஷத்துக்கு மேல் இதைப் பார்த்தவருக்குத் தராசே தேவைப்படாது. ஆளைப் பார்த்தே சொல்வார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரரிடம் "எண்பத்திரண்டு இருப்பாரு" என்பார். அத்தை தொடையில் கிள்ளுவார்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் பெரிய கோச் இல்லை. இறந்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று அவரிடம் படித்த ஒருத்தி போனில் கேட்டாள். எழுதலாம். அவர் எட்டாவதோடு நின்றவர். ஊர் அணிக்கு மேல் ஆடியதில்லை. கற்றுக்கொண்டதெல்லாம் காரைக்குடியில், வேலிக்கு வெளியே நின்று. அழகப்பச் செட்டியார் 1947-ல் தொடங்கிய கல்லூரி இன்றைக்குப் பல்கலைக்கழகம், உடற்கல்விக் கல்லூரி என்று பரந்து கிடக்கிறது அல்லவா, அங்கே மாணவர்கள் பயிற்சி எடுப்பதைப் பார்க்க வார லீவில் சைக்கிளில் போய்விடுவார். பார்த்துவிட்டு வந்து மில் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு கோடாகக் கிறுக்கி வைப்பார். அந்தக் கோடுகள் எல்லாம் பிடி சம்பந்தப்பட்டவை. கணுக்கால் பிடி, தொடைப் பிடி, பிளாக், செயின். எதிரணிக்குள் பாடிப் போகிற ரைடைப் பற்றி ஒரு பக்கம்கூட இருக்காது.

"பாடிப் போறதுக்கு ஒருத்தி போதும்த்தா. பிடிக்கிறதுக்கு ஏழு பேரும் வேணும்" என்பார். கேட்க நன்றாக இருக்கும். ஆட்டத்தில் அடி வாங்குவோம். எதிரணியில் ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டிக் காலை வைத்துவிட்டு வந்தாலே ஒரு புள்ளி. மற்ற அணிக்காரிகள் நோகாமல் அதை எடுத்துச் சேர்த்துக்கொண்டே போவார்கள். நாங்கள் ஒரு நல்ல கேட்சுக்காகக் காத்துக்கொண்டே இருப்போம். எத்தனையோ ஆட்டம் இரண்டு, மூன்று புள்ளியில் தோற்றிருக்கிறோம். போனஸ் எடுக்கச் சொல்லித்தரச் சொன்னால், "அது என்னமோ கடை வாசல்ல நின்னு ருசி பாத்துட்டுப் போற மாதிரி இருக்கு" என்று முகத்தைச் சுளிப்பார். இன்றைக்கு நான் என் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது போனஸ்தான்.

பெண்கள் அணி தொடங்கியது 2007-ல். அதற்கு முன் பையன்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டாவது மகள் என் வகுப்பு. அவள்தான் நானும் ஆடுவேன் என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு அடம்பிடித்தவள். மாமா யோசித்துக்கொண்டிருக்க, "ஏழு பேரு வேணுமில்ல? நாளைக்கே கேட்டுருவோம்" என்று அத்தை சொல்லிவிட்டார்.

கேட்ட விதம்தான் விசேஷம். ஒரு சாயங்காலம் இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அத்தை கையில் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பழம். மாமா சட்டை மாற்றி, திருநீறு இட்டிருந்தார். உட்கார்ந்ததும், "பொண்ணு கேட்டு வந்திருக்கோம்" என்றார். எனக்குப் பன்னிரண்டு வயசு. அம்மா முகம் செத்துவிட்டது. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்ற நான் அழவே ஆரம்பித்துவிட்டேன்.

"பயப்படாதீக. கபடிக்கு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்த பிறகும் சம்மதம் வரவில்லை. முகத்தில் காயம் பட்டால் நாளைக்கு எவன் கட்டுவான், அரைக்கால் டவுசரோடு ஊர் நடுவில் நிற்க விடுவதா, வயசுக்கு வந்துவிட்டால் என்ன செய்வது. வரிசையாகக் கேட்டாள். மாமா ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. அத்தைதான் பேசினார். "என் மகளும்தான் ஆடப்போறா. அவளுக்குப் படுற காயம்தான் உங்க மகளுக்கும். டவுசர் வேணாம், முழுப் பேண்ட்டு. வயசுக்கு வந்தா சடங்கு வைப்போம், சாப்பிடுவோம், அடுத்த மாசம் வரட்டும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு உங்க வாசல்ல நிக்கிறா, போதுமா?" இப்படியே பதினோரு வீடு ஏறினார்கள். எந்த வீட்டுக்கும் மாமா தனியாகப் போகவில்லை. பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற ஆண் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எந்தச் சான்றிதழ் வகுப்பிலும் எனக்கு இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லித் தரவில்லை.

மைதானம் என்றால் ஊரணிக் கரையை ஒட்டிய பொட்டல்தான். எங்கள் பக்கத்து மண்ணைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செம்புரான் மண், காய்ந்தால் பாறை. விழுந்தால் தோல் நம்மோடு வராது. பன்னிரண்டு மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலத்துக்குக் கொத்திப் போட்டு, மணல் கலந்து, மெத்தென்று இருக்கட்டும் என்று மில்லிலிருந்து இரண்டு வண்டி உமி கொண்டுவந்து பரப்பினார். ஓசியில் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. முதல் நாள் ஆடி முடித்ததும் அரிப்பு தொடங்கியது. உமிச்சொனை கழுத்து, முழங்கை, காது மடல் என்று ஏறி, ராத்திரி முழுக்கப் பன்னிரண்டு வீட்டிலும் சொறிந்துகொண்டு கிடந்தோம். மறுநாள் காலையில் அத்தை தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலோடு வீடு வீடாக வந்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தார். மூன்று நாள் உமியை வாரினோம். அப்புறம் காரைக்குடி மர அறுவை மில்லிலிருந்து மரத்தூள் வந்தது. உமி விஷயத்தைச் சொல்லிக் கிண்டல் செய்தால் கடைசி வரை அவருக்குக் கோபம் வரும்.

உடை மாற்ற இடம் இல்லை. பொட்டலுக்கு எதிரே ஒரு பெரிய வீடு. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீண்டு கிடக்கிற வழக்கமான செட்டியார் வீடு. இருந்தது ஒரே ஒரு ஆச்சி. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். அத்தை போய்க் கேட்டதும் பின்கட்டைத் திறந்துவிட்டார்கள். எண்பது பேர் ஒரே நேரத்தில் பந்தி உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தில் பன்னிரண்டு சிறுமிகளின் பள்ளிக்கூடப் பைகள். ஒருநாள் ஆச்சி கம்பை ஊன்றிக்கொண்டு ஆட்டம் பார்க்கவும் வந்தார்கள். பாதி ஆட்டத்தில் மாமாவைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, ஒருத்தி தன்னந்தனியா மூச்சப் பிடிச்சுக்கிட்டு வர்றா. ஏழு பேரு சேந்து அமுக்குறீகளே, இது ஞாயமா?" என்றார்கள். மாமாவுக்குப் பதில் கிடைக்கவில்லை. வாழ்நாள் முழுக்க அவர் நம்பிய பிடி ஆட்டத்தை ஒரே வாக்கியத்தில் கவிழ்த்தவர் ஆச்சி ஒருத்தர்தான்.

பயிற்சி நாலே முக்காலுக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடியும். ஆறு என்றால் ஆறு. ஆட்டம் சமநிலையில் நின்றாலும் விசில். அதற்குப் பிறகுதான் அவருடைய உண்மையான வேலை என்று இப்போது தோன்றுகிறது. அவரிடம் ஒரு எக்ஸ்.எல். வண்டி உண்டு. அதில் ஏறாமல் உருட்டிக்கொண்டே எங்களோடு நடப்பார். பன்னிரண்டு பேரும் முன்னால் சளசளவென்று பேசிக்கொண்டு போக, அவர் பத்தடி பின்னால். ஒவ்வொரு வாசலிலும் நின்று, உள்ளேயிருந்து குரல் வந்த பிறகுதான் அடுத்த தெரு. கடைசிப் பிள்ளையை விட்ட பிறகு வண்டியில் ஏறி உதைப்பார். பையன்கள் இதைப் பார்த்து "ஆட்டுக்காரர்" என்று பட்டம் வைத்தார்கள். ஃபிளெக்சில் அது இல்லை.

வெள்ளிக்கிழமை பயிற்சி கிடையாது. அது அத்தையின் நாள். மில்லிலிருந்து சீக்கிரம் வந்து குளித்து, அத்தையைப் பின்னால் உட்கார வைத்துக் காரைக்குடிக்குப் போவார். கொப்புடையம்மன் கோவில், பிறகு ஒரு காபி, அத்தைக்குப் பூ. ஒரு பொங்கலுக்குப் பக்கத்து ஊர்ப் போட்டியில் எங்கள் பையன்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். சுழற்கோப்பை, ரொக்கம், போதாததற்கு ஒரு கிடாய். ஆட்டம் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. மாமா கேப்டனிடம் விசிலைக் கொடுத்துவிட்டுக் காரைக்குடிக்குப் போய்விட்டார். பையன்கள் ஜெயித்தார்கள்; மைக்கில் அவர் பெயரை நாலு தரம் கூப்பிட்டும் ஆள் இல்லை. "பொண்டாட்டிதாசன்" என்று டீக்கடையில் பேசினார்கள். மறுநாள் கிடாய்க் கறியை இரண்டு வாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே, "ஆமா" என்றார்.

அவருடைய தாயார் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த வருஷத்தையும் சொல்ல வேண்டும். எட்டு மாதம். மாமா விடியுமுன் எழுந்து அப்பத்தாவைத் துடைத்து, துணி மாற்றி, படுக்கைப்புண் வந்துவிடாமல் புரட்டிப் போட்டுவிட்டு மில்லுக்குப் போவார். சாயங்காலம் பொட்டலுக்கு வர முடியாது. அப்பத்தா கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்க வேண்டும். அதனால் பயிற்சியை வீட்டு வாசலுக்கு மாற்றிவிட்டார். தெருவில் விழ முடியாது. ஆகவே எட்டு மாதமும் நின்றபடியே பிடிப் பயிற்சிதான்: கை கோத்து நகர்வது, செயினாக வளைவது, ஒருத்தி கால் எடுத்து வைத்தால் பக்கத்துக்காரியின் தோள் எப்படித் திரும்புகிறது என்று பார்ப்பது. ஜன்னலுக்குள்ளிருந்து அப்பத்தா, "ஏ, அந்தக் கறுத்த குட்டி கைய விட்டுட்டா பாரு" என்று கத்தும். அது நான்தான்.

கை கோப்பது என்று எழுதிவிட்டேன். அதை அப்படியே தாண்டிப் போக முடியாது. எங்கள் அணியில் இரண்டு தெருப் பிள்ளைகளும் இருந்தோம். எந்த இரண்டு தெரு என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் தங்கள் ஊரை நினைத்துக்கொள்ளலாம். கபடியில் ஓரத்தில் நிற்கிற கார்னரும் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிற கவரும் கையைப் பிடிக்காமல் ஆட முடியாது, ஒருத்தி மேல் ஒருத்தி விழாமல் ஆட முடியாது. தண்ணீருக்கு ஒரே குடம், ஒரே டம்ளர். யாரும் எதுவும் சொல்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது மாதம் ஒருத்தியின் பாட்டி டம்ளர் விஷயம் கேள்விப்பட்டுப் பேத்தியை நிறுத்திவிட்டது. டம்ளரை இரண்டாக்கிவிடுங்கள் என்று பெரிய மனிதர்கள் சிலர் வந்து யோசனை சொன்னார்கள். மாமா தலையாட்டிக்கொண்டார். இரண்டாவது டம்ளர் வரவில்லை. மூன்று வாரம், ஞாயிறு தவறாமல், அத்தையும் அவரும் அந்தப் பாட்டி வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார்கள். கபடியைப் பற்றியோ டம்ளரைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லையாம். நெல் விலை, மழை, பாட்டியின் முழங்கால் வலி. நாலாவது வாரம் அந்தப் பிள்ளை வந்து நின்றாள். ஏன் விட்டார்கள் என்று அவளுக்கும் தெரியவில்லை. அவர் செய்தது போதுமா என்று பிற்பாடு நான் யோசித்ததுண்டு. வாயைத் திறந்து ஒருமுறை கேட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

இனி நானூறு கிராமுக்கு வருகிறேன்.

2010. எனக்குப் பதினைந்து. சிவகங்கையில் சப்-ஜூனியர் மாவட்டத் தேர்வு. வயது பதினாறுக்குள் இருக்க வேண்டும், எடை 55 கிலோவைத் தாண்டக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா எங்களை மில் தராசில் ஏற்றி, நெல் மூட்டைக்கு எழுதுகிற அதே நோட்டில் எழுதிவைப்பார். தேர்வுக்கு முந்தின ஞாயிறு நான் 54 கிலோ 600. நடுவில் சித்தி மகள் சடங்கு வந்தது. கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம், வேறென்ன சொல்ல. முந்தின நாள் ராத்திரி பயத்தில் நானாகவே சாப்பிடவில்லை. காலையிலும் பச்சைத் தண்ணீர் தொடவில்லை. சிவகங்கையில் எலக்ட்ரானிக் தராசில் ஏறினால் 55.4.

ஒரு மணி நேரம் அவகாசம் இருந்தது. வேறு ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் வெயிலில் இரண்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓடுவதும், நின்று துப்புவதும், வந்து தராசில் ஏறுவதும். ஒரு கோச் மாமாவிடம் வந்து, "ஓட விடுங்கண்ணே. நானூறு கிராம்தான, அரை மணி நேரத்துல எறங்கிரும்" என்றார். நான் ஏற்கெனவே ஷூ லேசைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"ராத்திரி சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் மாமா."

என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். மூட்டையைப் பார்க்கிற பார்வை. பையைத் திறந்து அத்தை கட்டிக்கொடுத்த தூக்குச்சட்டியை எடுத்தார். மிளகாய்ப் பொடி தடவிய இட்லி.

"சாப்புடு."

"ஓடிட்டு வந்துர்றேன் மாமா. கொஞ்சம்தான்."

"நெல்லைத்தான் ஆத்தா காயப்போட்டு எடை குறைப்பாக. நீ என்ன நெல்லா?"

நான் அழுதேன், கெஞ்சினேன், கத்தினேன். அவர் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். கடைசியில் ஐந்து இட்லியையும் மூக்குச் சளியோடு சேர்த்துத் தின்றேன். பசி அப்படி. ஒலிபெருக்கியில் அடுத்தடுத்த பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரே ஒருத்தி தேர்வானாள். அவருடைய மகள். நானும் அவளும் ஆடுவது ஒரே இடம், வலது கார்னர்.

ஊர் என்ன பேசியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் அதையும் தாண்டினேன். பதினைந்து நாள் மைதானப் பக்கம் போகவில்லை. வழியில் பார்த்த அத்தையிடம், "உங்க மகளுக்காகத்தான என்னைய உக்கார வச்சு ஊட்டுனாரு" என்று நேராகவே சொன்னேன். அத்தை பதில் சொல்லாமல் என் தலையில் இருந்த காய்ந்த பூவை எடுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மாமாவும் ஒருநாளும் விளக்கம் சொன்னதில்லை. நான் திரும்பிப் போனதுகூட மன்னித்து அல்ல. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். வயது தாண்டி ஜூனியருக்குப் போனதும் வரம்பு 65 கிலோ. எடைக் கவலை தீர்ந்தது. ஆனால் அந்த வருஷம் போனது போனதுதான். மாநில அணிச் சட்டையை நான் போட்டதே இல்லை. அவள் போட்டாள்.

அதே வருஷக் கடைசியில் குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி வந்தது. ஆண்கள் கபடி 1990-லேயே ஆசியப் போட்டிக்குப் போய்விட்டது. பெண்களுக்கு 2010-ல்தான் வாசல் திறந்தார்கள். இந்தியப் பெண்கள் முதல் தடவையே தங்கம். மாமா அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு வீட்டுக்கும் போனார். இந்தத் தடவையும் அத்தையோடுதான். எட்டு வருஷம் கழித்து ஜகார்த்தா இறுதியில் நம் பெண்கள் இரானிடம் 27-24 என்று தோற்றபோது ஊரே வருத்தப்பட்டது. மாமா மட்டும் மனசுக்குள் குஷியாக இருந்தார் என்று அடித்துச் சொல்வேன். "பாத்தியா, பிடிச்சே ஜெயிச்சிட்டாக!" என்று எனக்குப் போன் போட்டார். அந்த இரான் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின் என்று நான் சொன்னதும் சந்தோஷம் இன்னும் கூடிவிட்டது. "நம்ம ஊரு அம்மாவா? கல்யாணமாகிப் புள்ளகுட்டி உள்ளவுகளா? அவ்வளவு தூரம் போய் என்ன சாப்பிட்டாக?" என்று அடுக்கிக்கொண்டே போனார்.

பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் போலீசில் இருக்கிறார்கள் என்று எழுத ஆசைதான். ஒருத்திதான். ஒருத்தி அழகப்பா உடற்கல்விக் கல்லூரியில் படித்துவிட்டுத் தனியார் பள்ளியில். நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. மாமாவின் மகள் கபடியை விட்டுவிட்டுக் கோயம்புத்தூரில் தையல் யூனிட் நடத்துகிறாள். மற்றவர்கள் குடும்பம், பிள்ளை, வேலை என்று பல ஊர்களில்.

கடைசி நாலைந்து வருஷம் சர்க்கரை அவரை வாட்டியது. வலது காலில் ஒரு புண், ஆறுவதும் திறப்பதுமாக. வெறுங்காலோடு மண்ணை மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கபடித் தரையில் அவர் செருப்புப் போட்டு நின்றதே கிடையாது. இனியும் போடமாட்டேன் என்று கோட்டுக்கு வெளியே, ஓரப் பட்டையான லாபியையும் தாண்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யாராவது கையை விட்டால் அங்கிருந்தே அப்பத்தா மாதிரி கத்துவார். நெஞ்சுவலி வந்தது ஒரு திங்கட்கிழமை. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். புதன் காலையில் முடிந்துவிட்டது.

ஒன்று பாக்கி இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் என் பள்ளிப் பிள்ளை ஒருத்தி தேர்வு மைதானத்தில் 55.3-ல் நின்றாள். என் கையில் ஒரு மணி நேரம் இருந்தது. நான் அவளை ஓடவிட்டேன். ஸ்வெட்டர் இல்லை, என்னுடைய ரெயின்கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டேன். 54.9. தேர்வானாள், மாநிலம் வரை போனாள், இப்போது விளையாட்டு விடுதியில் சேர்ந்து படிக்கிறாள். இன்றைக்கும் போன் போட்டால் "உங்களாலதான் மிஸ்" என்கிறாள். அன்று சாயங்காலமே மாமாவுக்குப் போன் செய்தேன். பெருமை அடிக்கவா, சண்டை போடவா, தெரியாது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். 2010-ஐ நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. முழுசும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"அப்புறம் அந்தப் புள்ள என்ன சாப்பிட்டுச்சு?"

எனக்கு ஞாபகம் இல்லை. நான் கவனிக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பன்னிரண்டில் ஒன்பது பேர் வந்துவிட்டோம். பாதிப் பேர் இடுப்பில் குழந்தை. சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, ஆச்சி வீட்டுப் பின்வாசல் பக்கம் போனோம். ஆச்சி போய்ப் பல வருஷமாகிறது, வீட்டுக்குப் பெரிய பூட்டு. பொட்டலில் கோடு போட்டிருந்தது. இப்போது ஆடுகிற பிள்ளைகள் யாரோ. திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து உமிக் கதையைப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். நேரம் போனதே தெரியவில்லை. உள்ளேயிருந்து அத்தை வந்தார். வெறும் நெற்றி, கையில் தீப்பெட்டி.

"விளக்கு வைக்கிற நேரமாச்சு. இன்னும் உக்காந்திருக்கீக?"

நாங்கள் எழுந்தோம். அத்தை விரலை மடக்கி ஒவ்வொருத்தியாக எண்ணினார். இவள் வீட்டுக்காரர் வண்டியில், இவர்கள் மூன்று பேரும் காரைக்குடி பஸ், இவள் நடை தூரம், தம்பி கூடப் போவான். எல்லாரையும் முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீ எதுல போற?"